விதை சுமப்போர் இல்லாத காடு

இந்தியாவில் காடு எவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சொல்வது இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரங்களின் தழைப்பரப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால், யாருடைய நிலமானாலும் எந்த மரமானாலும் அந்தக் கணக்கில் அது காடுதான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் தைலமரத் தோப்பும் பச்சை, ஆனைமலையின் மழைக்காடும் பச்சை. மரப்பரப்பை அளக்க இந்தக் கணக்கு வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மழைக்காடு நாளைக்கும் மழைக்காடாகவே இருக்குமா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. மரங்கள் அத்தனையும் நிற்க, பழம் தின்று விதை சுமக்கும் உயிர்கள் மட்டும் போய்விட்டால், அந்த மரங்களில் பலவற்றுக்கு வாரிசு இருக்காது. 1992-ல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற உயிரியலாளர், பெரிய விலங்குகள் வேட்டையாடி ஒழிக்கப்பட்ட இப்படிப்பட்ட காட்டை ‘வெற்றுக்காடு’ என்றார். அந்தச் சொல்லை மிகை என்று ஒதுக்கிவிட முடியாதபடி சான்றுகள் சேர்ந்துவிட்டன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு ஜாதிக்காயை எடுத்துக்கொள்வோம். பழம் முற்றியதும் தோல் இரண்டாகப் பிளக்கும்; உள்ளே கருத்த கொட்டையின் மேல் சிவப்பு வலைபோல ஜாதிபத்திரி சுற்றியிருக்கும். கொழுப்பு நிறைந்த அந்தப் பத்திரிதான் மரம் கொடுக்கும் சுமைகூலி. ஒரு மீட்டர் நீளமுள்ள பெரிய இருவாச்சி, அலகு நுனியால் அதைக் கொய்து, மேலே தூக்கிப் போட்டு, தொண்டைக்குள் வாங்கிக்கொள்ளும். பத்திரி செரித்தபின் கொட்டை சேதமில்லாமல் வாய்வழியே வெளியே வரும். அதற்குள் பறவை வேறொரு மரத்துக்குப் போயிருக்கும். இந்தப் பயணம் இல்லாவிட்டால் கொட்டை தாய்மரத்தின் காலடியிலேயே விழும். அங்கே அதே மரத்தையே நம்பி வாழும் பூஞ்சையும் வண்டும், விதை தின்னும் எலியும் காத்திருக்கின்றன. தாய்மரத்தைவிட்டு விலகிய விதைதான் பிழைக்கும் என்ற கருத்தை டேனியல் ஜான்சன் 1970-லும் ஜோசப் கானெல் 1971-லும் தனித்தனியே முன்வைத்தார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை மரம் மரமாக எண்ணி வைத்திருக்கிறார்கள். அங்கே நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், பார்த்த 53 இனங்களிலும் விதை நெருக்கமாக விழுந்த இடத்தில் முளைத்து வந்த விகிதம் குறைந்திருந்தது. பெலீஸ் நாட்டுக் காட்டில் பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பார்த்தபோது நாற்றுகளில் இன வகை குறைந்தது. அதாவது, ஒரே இனம் ஓரிடத்தை வளைத்துப் போடாமல் தடுப்பதே அந்தப் பூஞ்சைதான். மழைக்காட்டின் பன்மைக்கு நோயும் வேண்டும், அந்த நோயிலிருந்து விதையைத் தூக்கிச் செல்ல ஒரு வயிறும் வேண்டும்.

காற்று விதை பரப்பாதா என்று கேட்கலாம். தென்கிழக்கு ஆசியாவின் சால் குடும்பத்துப் பெருமரங்கள் இறகு முளைத்த விதைகளைக் காற்றில்தான் விடுகின்றன. ஆனால் பொதுவாக வெப்பமண்டல மழைக்காடுகளில் பெரும்பான்மையான மர இனங்கள் பழம் தின்னிகளையே நம்பியவை. பெரியவை போனாலும் சின்னானும் வௌவாலும் இருக்கின்றனவே என்பது அடுத்த கேள்வி. இங்கே தடையாக நிற்பது தொண்டையின் அகலம். அத்திப்பழத்தின் பொடி விதையை எந்தப் பறவையும் கொண்டுபோகும். விரல்கணு அளவுள்ள கொட்டையைச் சின்னானால் விழுங்க முடியாது. இருவாச்சியின் வேலையிலும் வீண் உண்டு: கூட்டுக்கு அடியில் அது குவிக்கும் விதைகளில் பெரும்பாலானவை நெருக்கத்திலேயே மடிகின்றன. பறக்கும் வழியிலும் அமரும் கிளையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்பவைதான் காட்டுக்கு லாபம்.

மரம் தானாகவே மாறிக்கொள்ளும் என்று வாதிடுவோருக்குப் பிரேசில் ஒரு பதில் வைத்திருக்கிறது. அட்லாண்டிக் மழைக்காட்டில் ஜுசாரா என்றொரு பனைவகை உண்டு. டூக்கான் போன்ற பெரிய அலகுப் பறவைகள் அழிந்துபோன துண்டுக் காடுகளில் அதன் விதைகள் சிறுத்துவிட்டதை மௌரோ கலெட்டியின் குழு 2013-ல் காட்டியது. 12 மில்லிமீட்டரைத் தாண்டிய விதைகள் அங்கே ஏறத்தாழ இல்லை. மாறித்தான் இருக்கிறது. ஆனால் சிறிய விதை சீக்கிரம் காய்ந்துபோகும், மழை பொய்க்கும் ஆண்டில் அது தாங்காது. அந்த மாற்றம் பிழைப்புக்கு உதவும் தகவமைப்பாகத் தெரியவில்லை. கையிருப்பு கரைவதாகவே எனக்குப் படுகிறது.

இன்னும் வலுவான வாதம் ஒன்று உண்டு: நாமே நாற்று நட்டால் என்ன? வால்பாறையில் அதுதான் நடக்கிறது. தேயிலைக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து களைகளை அகற்றி, காட்டு மரங்களின் நாற்றுகளை நட்டுவருகிறது. அப்படி நட்ட இடங்களில், சும்மா விட்ட இடங்களைவிட மர இனங்களும் சேமித்த கரிமமும் அதிகம் என்று 2019-ல் வெளியான ஆய்வு கண்டது. ஆனாலும் பழைய காட்டின் அளவை அவை இன்னும் எட்டவில்லை. நடுவது சிதைந்த ஓரங்களுக்கு மருந்து. ஆனைமலைப் புலிகள் காப்பகம் முழுவதற்கும் ஆண்டுதோறும் விதை பொறுக்கி, நாற்று விட்டு, சரிவுகளில் சுமந்து நட எந்தத் துறையிடம் ஆள் இருக்கிறது? அந்த வேலையை இருவாச்சியும் சோலைமந்தியும் மரநாயும் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கேடு உடனே கண்ணில் படாததுதான் ஆபத்து. மழைக்காட்டுப் பெருமரம் நூற்றாண்டுகள் நிற்கும். விதை சுமப்பவர் போனபின்னும் பேரன் காலம்வரை படத்தில் பச்சை குறையாது. பெரிய இருவாச்சி இணை ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடு கட்டும், பெரும்பாலும் ஒரே குஞ்சு. இழப்பை அது சட்டென்று ஈடுகட்டாது. ஆகவே காட்டுக் கணக்கில் தழைப்பரப்போடு கூடுகளும் நாற்றுகளும் ஏற வேண்டும். செய்யக்கூடியதுதான் இது. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் மக்கள் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காத்துப் பதிவு செய்கிறார்கள். பெண்பறவை பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்து, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு அமர்ந்ததும், அந்த மரம் அவர்கள் கணக்கில் ஏறிவிடுகிறது.