ஜுன்னர் மலையில் மோதிய விமானம்

அஷ்ட விநாயகர் யாத்திரை செல்லும் நம் தமிழன்பர்கள் நாராயண்காவ் வழியாகப் போய் ஓஜரையும் லேண்யாத்ரியையும் தரிசித்துவிட்டு, நேரமிருந்தால் சத்ரபதி சிவாஜி பிறந்த சிவனேரிக் கோட்டையையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். அதே ஜுன்னர் வட்டார மலையொன்றில் 1962-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஜெட் விமானம் மோதி, அதிலிருந்த 94 பேரும் மாண்டனர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அது இத்தாலியின் அலிடாலியா நிறுவனத்தைச் சேர்ந்த டி.சி.8 ரக விமானம். சிட்னியில் புறப்பட்டு டார்வின், சிங்கப்பூர், பாங்காக் வழியாகப் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. அடுத்து கராச்சி, டெஹரான், முடிவில் ரோம். ஜூலை 7, நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள். பம்பாய்க்கு இன்னும் 80 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இருளில் விமானம் மலைமீது மோதியது.

விசாரணை சுட்டிக்காட்டிய காரணம் இயந்திரக் கோளாறு அல்ல, தூரக்கணக்கில் நேர்ந்த பிழை. பம்பாயை நெருங்கிவிட்டதாக எண்ணிய விமானி, நேராகத் தரையிறங்கும் நோக்கத்தில் முன்கூட்டியே உயரத்தைக் குறைத்துவிட்டார். தாம் இருக்கும் இடத்தைச் சரிபார்க்கக் கிடைத்த வானொலி வழிகாட்டிகளை அவர் பயன்படுத்தவில்லை; அப்பகுதிக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்கும் கீழே இறங்கினார்; வழியிலுள்ள மலைகளும் அவருக்குப் பழக்கமில்லாதவை.

"உயரம் காட்டும் கருவி இருக்குமே?" என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அது காற்றழுத்தத்தைக் கொண்டு கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைத்தான் காட்டும். ஜுன்னரில் தரையே 2,000 அடிக்கு மேல். சுற்றிலும் மலைகள் அதற்கும் மேலே எழும்புகின்றன. நாணேகாட்டைத் தாண்டினால் நிலம் சட்டெனச் சரிந்து கொங்கணத்துக்கு இறங்கிவிடும். கொங்கணத்தின் மேல் ஆபத்தில்லாத உயரம், சில நிமிடம் முன்னதாக இந்த மலைகளின் மேல் உயிருக்கே உலையாகிவிடும்.

இத்தகைய விபத்து நம் மலைகளுக்கும் புதிதல்ல. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தனர். 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்த மார்ட்டினேர் விமானம், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் பலியாயினர். அதுவும் டி.சி.8 ரகம்தான். அங்கும் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து முன்கூட்டியே இறங்கியதே காரணம்.

அதற்கு மூன்றே நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம் இதேபோல் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதன்பின் அமெரிக்க அரசு தரை நெருக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. கனடாவில் பிறந்த டான் பேட்மன் என்ற பொறியாளர் உருவாக்கிய கருவி அது. வானொலி அலையைக் கீழே அனுப்பித் தரையின் தூரத்தை அளந்து, ஆபத்தென்றால் "மேலே ஏற்று" என்று குரல் கொடுக்கும். நேர் கீழே மட்டும் பார்ப்பதால், செங்குத்தாக எழும் மலையை அது கடைசி விநாடிகளில்தான் உணரும். 1990-களின் பிற்பகுதியில் இந்தக் குறையும் நீங்கியது. உலகின் மலைகளின் வரைபடத்தை நினைவில் வைத்து, செயற்கைக்கோள் உதவியால் விமானத்தின் இடத்தை அறிந்து, முன்னாலுள்ள மலையைப் பற்றி முன்னதாகவே எச்சரிக்கும் புதிய கருவி வந்தது. மலையில் மோதும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

குறைந்தன, அற்றுப்போகவில்லை. 2010 ஜூலை 28 அன்று இஸ்லாமாபாத் அருகே மார்கல்லா மலையில் ஏர்புளூ விமானம் மோதி 152 பேர் இறந்தனர். கருவி திரும்பத் திரும்ப எச்சரித்தும் தலைமை விமானி மதிக்கவில்லை. துணை விமானியாலும் அவரைத் தடுக்க முடியவில்லை. 1962-இல் எச்சரிக்கக் குரல் இல்லை; 2010-இல் குரல் இருந்தும் கேட்பாரில்லை.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் விமானங்கள் இன்றும் இந்த சஹ்யாத்ரியைக் கடந்துதான் இறங்குகின்றன. மழைக்கால இரவில், மேகத்துக்கு மேலேயே விமானி வட்டமிட்டுக்கொண்டிருந்தால், "இன்னும் இறக்காமல் என்ன செய்கிறார்?" என்று நாம் சலித்துக்கொள்ள வேண்டாம். தாமதமாக வீடு சேர்ந்தாலும் போதும்.