விளையாட்டுக்குள் ஒரு பேச்சு: எமது பிள்ளை யாருடன் பேசுகிறான்?

கடந்த தவணைப் பெற்றோர் சந்திப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு தாய் மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். அவரது மகன் என்னிடம் தரம் 9 இல் படிக்கிறான். பாடசாலைச் சதுரங்க அணியிலும் இருக்கிறான். "சேர், இவன் போன்ல கேம் விளையாடுறதக் கூட நான் பொறுத்துக்குவன். ஆனா அதுக்குள்ள யாரோடயோ எழுதி எழுதிப் பேசுறான். யாரு மகன் எண்டு கேட்டா, எங்கட கிளான் எண்டு சொல்றான். அந்தப் பேச்ச மட்டும் நிப்பாட்ட ஏலாதா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. சதுரங்கம் எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். ஆனால் பிள்ளைகள் போனில் ஆடும் ஒன்லைன் வியூக விளையாட்டுகளைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே இரண்டு நாட்கள் கழித்து அஸருக்குப் பிறகு அவர்களது வீட்டுக்குப் போனேன். தாய் பிளேன்டீ கொண்டு வந்து வைத்தார். மகன் என் பக்கத்தில் இருந்து 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' விளையாட்டைத் திறந்து காட்டினான்.

அவனுடைய கிளானில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் கலந்திருந்தார்கள். எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். அன்றைய போரில் எந்தக் கிராமத்தை யார் தாக்குவது என்பதுதான் பேச்சு. ஒருவன் "பொட்டக் இன்ன" என்று எழுதினான். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். எமது பிள்ளை சிங்களத்திலேயே பதில் எழுதினான். சிங்களப் பாட வேளையில் எழுந்து நின்று ஒரு வசனம் சொல்லத் தயங்குகிற பிள்ளை இவன்.

"வேற கேமும் விளையாடுறியா மகன்?" என்று கேட்டேன். தாய் உள்ளே போகும் வரை காத்திருந்து, சேமித்து வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினான். வேறொரு விளையாட்டில் இவனைத் தோற்கடித்த ஒருவன், இவனது பெயரைப் பார்த்துவிட்டு மார்க்கத்தையும் தாயையும் சேர்த்துத் திட்டியிருந்தான். அந்தத் திரையில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று நட்சத்திரக் குறிகளாக மாறியிருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட நம் நாட்டு வசைகளோ ஒன்றும் விடாமல் அப்படியே கிடந்தன. சில நாட்களில் அதே விளையாட்டில் இன்னொருவர் மிக அன்பாகப் பேசி, இலவசமாகப் பரிசு அனுப்புவதாகச் சொல்லி, வட்ஸ்அப் இலக்கம் கேட்டிருக்கிறார். இவன் கொடுக்கவில்லை.

"உம்மாட்ட சொன்னியா?"

"இல்ல சேர். சொன்னா போனப் பறிச்சிடுவா."

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. சிங்களம் பேசப் பழகியதும் சாட்டில்தான், தாயைத் திட்டக் கேட்டதும் சாட்டில்தான். அப்படியானால் இத்தகைய விளையாட்டுகளில் சாட் இருக்க வேண்டுமா, கூடாதா? நான் தேடிப் பார்த்ததை வைத்து அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

எந்த விளையாட்டுக்குப் பேச்சு தேவை?

சதுரங்கத்தில் பேச்சு இல்லை. எதிராளியின் கவனத்தை எந்த விதத்திலும் கலைக்கக் கூடாது என்பது சர்வதேச சதுரங்க சம்மேளனத்தின் விதி. காயைச் சரிசெய்வதாகச் சொல்லலாம், சமநிலை கேட்கலாம், நடுவரை அழைக்கலாம். இப்படிச் சில வார்த்தைகளுக்குள் முழு ஆட்டமும் முடிந்துவிடும். ஏனென்றால் அங்கே கூட்டாளி என்று ஒருவர் இல்லை. பலகையில் மறைந்திருப்பதும் ஒன்றுமில்லை.

கூட்டணி சேர்ந்து ஆடும் விளையாட்டு வேறு. கிளாஷ் ஒஃப் கிளான்ஸில் கிளான்களுக்கிடையிலான போர் 2014 இல் அறிமுகமானது. ஒரு கிளானில் 50 பேர் வரை சேரலாம். ஒரு நாள் ஆயத்தம், ஒரு நாள் போர். வழமையான போரில் ஒருவருக்கு இரண்டு தாக்குதல்கள் மட்டுமே. முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு பேர் ஒரே கிராமத்தைத் தாக்கி வாய்ப்பை வீணாக்குவார்கள். கிரிக்கெட்டில் கெப்டன் வாயைக் கட்டிக்கொண்டு களத்தடுப்பாளர்களை நிறுத்த முடியுமா? அதைப் போன்றதுதான் இது.

இன்னும் ஒரு படி மேலே போனால், பேச்சே விளையாட்டாக இருப்பதும் உண்டு. அமெரிக்கரான அலன் கல்ஹாமர் 1959 இல் வெளியிட்ட 'டிப்ளோமசி' என்ற பலகை விளையாட்டில் ஏழு பேர் ஏழு ஐரோப்பிய வல்லரசுகளாக ஆடுவார்கள். தாயக்கட்டை கிடையாது. ஒருவரோடு ஒருவர் பேசி, வாக்குக் கொடுத்து, சில வேளை அதை மீறித்தான் வெல்ல வேண்டும். பேச்சை எடுத்துவிட்டால் அதில் ஆட எதுவும் மிஞ்சாது.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பியாஜே பற்றிப் படித்தது இங்கே நினைவுக்கு வருகிறது. சுவிட்சர்லாந்தில் சிறுவர்கள் கோலி விளையாடுவதை அவதானித்து அவர் எழுதிய ஆய்வு 1932 இல் வெளிவந்தது. விதி என்பது பெரியவர்கள் கொடுத்த மாறாத கட்டளை என்று சிறு வயதில் நினைக்கும் பிள்ளை, வளர வளர, அது தாங்கள் பேசி உடன்பட்டு வைத்துக்கொள்வது என்று விளங்கிக்கொள்கிறது என அவர் காட்டினார். சகாக்களோடு வாதாடி, விட்டுக்கொடுத்துத்தான் அந்த விளக்கம் வருகிறது. பேச்சில்லாத விளையாட்டில் அந்தப் பாடம் குறைவு.

மூன்று வட்டங்கள்

சாட் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் மூன்று வட்டங்கள் உண்டு. தன் அணியினரோடு பேசுவது ஒன்று. எதிரணியோடு பேசுவது இரண்டாவது. விளையாட்டில் இருக்கும் முன்பின் தெரியாத எவரோடும் பேசுவது மூன்றாவது.

மூன்றாவது வட்டம் கிளாஷ் ஒஃப் கிளான்ஸிலும் முன்பு இருந்தது. 'குளோபல் சாட்' என்பார்கள். பின்லாந்தின் சுப்பர்செல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட அந்த விளையாட்டிலிருந்து 2019 இல் அதை அகற்றிவிட்டது. கிளானுக்குள் பேசும் வசதியை அப்படியே வைத்திருந்தது. விளையாட்டு அழிந்து போகவில்லை. போர்கள் இன்றும் நடக்கின்றன. அந்தப் பொதுச் சந்தைப் பேச்சு இல்லாமலும் போரை நடத்த முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாவது வட்டத்துக்கு நல்ல உதாரணம் 2009 இல் வந்த 'லீக் ஒஃப் லெஜன்ட்ஸ்'. அதை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் ஒரு பரிசோதனை செய்தது. எதிரணியோடு பேசும் சாட்டை அகற்றாமல், ஆரம்பத்தில் மூடி வைத்தது. விரும்பியவர் தானாகத் திறந்துகொள்ளலாம். 2013 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்தச் சாட்டில் தீய பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல பேச்சு அதேயளவு கூடியது. பேச்சின் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. கதவைத் திறக்க ஒரு சிறு முயற்சி தேவைப்பட்டாலே, கோபத்தில் கத்துவதற்காக வருபவர் குறைகிறார். 2021 ஒக்டோபரில் அதே நிறுவனம் எதிரணிச் சாட்டைச் சிறிது காலம் முற்றாக நிறுத்தியும் பார்த்தது. பிறகு திரும்பக் கொண்டு வந்தது.

எதிரணியோடு பேசுவதெல்லாம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. 1998 இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோற்பவர் 'நல்ல ஆட்டம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'ஜிஜி' என்ற இரண்டு எழுத்துகளை எழுதிவிட்டுத்தான் வெளியேறுவார். சதுரங்கம் முடிந்ததும் கை குலுக்குவதைப் போல. எனது அணிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்குவதும் அந்தக் கை குலுக்கலைத்தான்.

தெரிவு செய்து வைத்த சொற்கள்

பிள்ளை என்ன எழுதுவானோ, அவனுக்கு யார் என்ன எழுதுவார்களோ என்ற பயத்துக்கு ஒரு நடுவழியும் இருக்கிறது. சொற்களை முன்கூட்டியே தெரிவு செய்து வைப்பது. 1999 இல் வந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டை எனது வயதினர் பலர் கணினியில் ஆடியிருப்பார்கள். அதில் சாட்டில் 3 என்ற இலக்கத்தை அனுப்பினால் 'உணவு தாருங்கள்' என்ற குரல் கேட்கும். 4 என்றால் மரம், 5 என்றால் தங்கம், 6 என்றால் கல். மொழி தெரியாத கூட்டாளியிடமும் உதவி கேட்கலாம்.

2014 இல் வந்த 'ஹார்த்ஸ்டோன்' அட்டை விளையாட்டில் முன்பின் தெரியாத எதிராளியிடம் வணக்கம், நன்றி, நன்றாக ஆடினீர்கள் போன்ற ஆறு வாசகங்களை மட்டுமே சொல்லலாம். ஆனால் மனிதன் விடுவானா? 'மன்னியுங்கள்' என்ற வாசகத்தையே கேலியாகப் பாவித்தார்கள். 2016 இல் அதை எடுத்துவிட்டு, வியப்பைக் காட்டும் ஒரு சொல்லை வைத்தார்கள். அதே ஆண்டு வந்த 'கிளாஷ் ரோயல்' விளையாட்டிலும் எதிராளி அனுப்பும் சிரிக்கும், அழும் முகங்களே தொல்லையாகி, அவற்றை மௌனமாக்கும் பொத்தானைச் சேர்க்க வேண்டி வந்தது. சொற்களைக் குறைத்தால் கேலி முற்றாக நின்றுவிடாது. என்றாலும் ஆறு வாசகங்களை வைத்து ஒரு பிள்ளையின் வட்ஸ்அப் இலக்கத்தை எவராலும் கேட்க முடியாது.

பூட்டு எந்த நிலையில் இருக்க வேண்டும்?

எனது அபிப்பிராயம் இதுதான். கூட்டணி வியூக விளையாட்டில் தன் அணியோடு பேசும் வசதி இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு தெரிவு செய்த சொற்கள் போதும். அதற்கு மேற்பட்ட எல்லாப் பேச்சும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, ஆரம்பத்தில் மூடப்பட்டிருக்க வேண்டும். திறப்பது பெற்றோர் அறிந்த தீர்மானமாக இருக்க வேண்டும். இதுவரை பெரும்பாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வேண்டாதவர் மூடிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் சிறுவர் தனியுரிமைச் சட்டத்தை மீறியதாக நடவடிக்கை எடுத்தபோது, 275 மில்லியன் டொலர் தண்டத்தோடு சிறுவருக்கும் பதின்ம வயதினருக்கும் குரல், எழுத்துச் சாட்டை ஆரம்பத்திலேயே மூடி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அது வேறு வகை விளையாட்டுத்தான். ஆனால் பூட்டு பற்றிய பாடம் ஒன்றே.

"சாட்டே இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லையே" என்று எனது சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அணிக்குள்ளேயே திட்டுபவர்கள் இல்லையா என்றும் கேட்டார். இருக்கிறார்கள். தோல்விக்குக் கூட்டாளியைக் குற்றம் சொல்லும் பழக்கம் எங்கும் உண்டு. ஆனால் கிளானில் தலைவர் ஒருவர் இருக்கிறார். திட்டுபவரை வெளியேற்றலாம், பிள்ளையும் விலகி வேறு கிளானில் சேரலாம். விளையாட்டுக்குள் பேச்சை முற்றாக அடைத்தால், போரை நடத்த விரும்பும் பிள்ளைகள் வட்ஸ்அப் குழுவுக்கோ டிஸ்கோர்டுக்கோ போவார்கள். வட்ஸ்அப் என்றால் தொலைபேசி இலக்கமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது எமது நாட்டுக்கே உரியது. எமது பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் மொழிப் பாடசாலைகளில் படித்து, சிங்களம் பேசும் சம வயதுப் பிள்ளை ஒருவனோடு ஒரு வேலையைச் சேர்ந்து செய்யாமலேயே பாடசாலையை விட்டு வெளியேறுகிறார்கள். அந்த வாய்ப்பு ஒரு கிளானுக்குள் கிடைத்திருக்கிறது என்றால், அதை யோசிக்காமல் அடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில், பிள்ளையின் பக்கத்தில் இருந்து அந்த விளையாட்டை ஒரு முறை பாருங்கள். சாட் எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்று அவனிடமே கேளுங்கள், சந்தோஷமாக விளக்குவான். இரண்டாவது, பெயர், பாடசாலை, ஊர், தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கும் சாட்டில் போகக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கு வேறொரு புனைபெயர் போதும். மூன்றாவது, மௌனமாக்குவதும் தடுப்பதும் முறையிடுவதும் எந்தப் பொத்தான்கள் என்று அவனோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். சதுரங்கம் ஆடும் சிறு பிள்ளைகளுக்கு, 'லிசெஸ்' தளத்தில் பேச்சை முழுதாக மறைக்கும் சிறுவர் நிலை இருக்கிறது. நான்காவது, யாராவது படம் கேட்டால், சந்திக்கக் கூப்பிட்டால், மிரட்டினால், உரையாடலை அழிக்காமல் படம் எடுத்து வைத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இவை நான்கும் பலிக்க வேண்டுமானால், சொன்னால் போன் பறிபோகும் என்ற பயம் பிள்ளையிடம் இருக்கக் கூடாது. அந்தப் பயம் இருக்கும் வரை, கெட்டது நடக்கும்போது அதை அறிகிற கடைசி ஆள் நாம்தான்.

அன்று மஃரிபுக்கு முன் தாயையும் மகனையும் ஒன்றாக இருத்திப் பேசினேன். படத்தை அவனே தாயிடம் காட்டினான். அவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டினது பரவாயில்ல, நீ ஏன் இதத் தனிய வச்சிக்கிட்டு இருந்தாய் என்று மட்டும் கேட்டார். திட்டு விழுந்த அந்த விளையாட்டை அவனே அழித்துவிட்டான். கிளான் இருக்கட்டும் என்று தாய் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை: போர் நாளில் ஒரு தடவையாவது தன் பக்கத்தில் இருந்து விளையாட வேண்டும்.

போன கிழமை பாடசாலை வாசலில் அந்தத் தாயைக் கண்டேன். "சேர், அவங்க நேத்து தோத்துட்டாங்க" என்றார்.