இருட்டைக் காவல் காக்கும் காவலூர்!

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் ஒருவரும் தரையைப் பார்ப்பதில்லை. 2,668 அடி உயர மலையின் உச்சியில் அந்த ஒற்றைச் சுடர் எரியத் தொடங்கியதும் ஊரே கை கூப்பும். பதினோரு நாட்கள் எரியும் அந்தத் தீபத்தைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீட்டு மாடியில் நின்றே தரிசிப்பவர்கள் உண்டு. வெளிச்சத்துக்காகவே உலகறிந்த மலை அது.

அந்த மலைக்கு வடமேற்கே இன்னொரு மலை இருக்கிறது. போளூர் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஜமுனாமரத்தூர் வழியாக ஆலங்காயம் செல்லும் சாலையில் போனால் காவலூர் என்றொரு கிராமம் வரும். கிரிவலத்துக்கு வரும் லட்சக்கணக்கானவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால், வானியல் படித்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்குக் காவலூர் ஒரு க்ஷேத்திரம். அங்கே மூலவர் இருட்டு!

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. காவலூர் இருப்பது திருப்பத்தூர் பக்கம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர், அதாவது அண்ணாமலையின் உச்சியைவிடச் சுமார் முந்நூறு அடிதான் குறைவு. ஊட்டி, கொடைக்கானல் போல நடுங்க வைக்கும் குளிர் கிடையாது. ஏரிக்கரை பஜ்ஜிக் கடைகளும் கிடையாது. சாமைக் கொல்லைகள், புளிய மரங்கள், பலா மரங்கள், காடு, காட்டுக்கு மேலே தலை நீட்டும் வெள்ளைக் குவிமாடங்கள்... அவ்வளவுதான் ஊர்.

நாய் திரும்பி வந்த கதை

இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளம் நினைவுக்கு வந்தால் அது அவர்கள் தவறல்ல. மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளி. பேசுவது தமிழ்தான்.

இவர்கள் மலைக்கு வந்தது எப்படி என்பதற்கு ஒரு கதை உண்டு. ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்து, 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தன் தொகுப்பிலும் சேர்த்துக்கொண்ட கதை. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்டார்கள். மறுத்து அவமானப்படுத்தவே, ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். போகும்போது மனைவிமாரிடம், “நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆற்றோடு பயந்து ஊருக்கே திரும்பிவிட்டன. வேடர்களை வென்று வீடு வந்து பார்த்தால், கணவன் உயிரோடிருக்க மனைவி விதவைக் கோலத்தில்! காரியம் முடிந்தவர்களுக்கு ஊரில் இடம் ஏது? வேடர் குலத்துப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி, உழுது பிழைக்க ஆரம்பித்தார்கள். அவர்களின் வாரிசுகளே மலையாளிகள் என்கிறது கதை.

வரலாறா, கட்டுக்கதையா என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். பாலாற்றில் வெள்ளம் ஓடிய காலம் ஒன்று இருந்தது என்பதே இன்றைய வேலூர்க்காரர்களுக்குப் பெரிய ஆறுதல்! தீச்செயல் ஏதும் செய்யாமல், ஒரு தவறான சேதியால் கீழ்நாட்டுக் கணக்கிலிருந்து பெயர் அடிக்கப்பட்டவர்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்தும் இடம். அந்தக் கணக்கில் அவர்கள் பெயர் இன்றும் முழுமையாக ஏறவில்லை.

மழையை நம்பிய விவசாயம். ஆடியை ஒட்டி விதைக்கும் சாமைதான் முக்கியப் பயிர். டவுன் கடைகளில் ‘சிறுதானியம்’ என்று அழகான பாக்கெட்டில் விற்கிறார்களே, அதே சாமை. புளி, பலா, தேன், கடுக்காய், நெல்லி என்று காடும் கொஞ்சம் கொடுக்கும். போதாதபோது ஆண்கள் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவார்கள். சிலர் தரகர்களின் பேச்சை நம்பி, செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள்.

இருட்டைத் தேடி வந்த மனிதர்

இப்படிப்பட்ட மலைக்கு 1960-களில் ஒருவர் இடம் தேடி வந்தார். பெயர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். 1949-ல் ஹார்வர்டில் படிக்கும்போதே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அந்த வால்மீனுக்கு பாப்பு-பாக்-நியூகிர்க் என்றே பெயர். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானலில் சூரியனை ஆராயலாம். இரவில் மங்கலான நட்சத்திரங்களைப் படம் பிடிக்க அங்கே மேகம் விடுவதில்லை. மேகம் குறைவாக, நகரம் தொலைவாக, பூமத்திய ரேகைக்கு அருகில் ஓர் இடம் வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் பிடித்தது காவலூர். ஊருக்கு அந்தப் பெயர் எந்தக் காலத்தில், எந்தக் காவலுக்காக வந்ததோ, இதற்கு மேல் பொருத்தமாக அமைய முடியாது.

பூமத்திய ரேகைக்கு அருகில் என்பது ஏன் முக்கியம்? காவலூர் வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அங்கே வடக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, மரக்கிளை உயரத்தில் தெரியும். திரும்பி நின்றால், ஐரோப்பாக்காரர்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாத தென்வானம் விரியும். சித்திரை மாத இரவு ஒன்றில் வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே திரிசங்கு இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். சொர்க்கத்துக்கும் பூமிக்கும் நடுவே விசுவாமித்திரர் தொங்கவிட்ட அதே திரிசங்குதான்.

முதலில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று வந்தது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திர ஒளியில் எதிர்பாராத சிமிட்டல்கள் தெரிந்தன. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்த இரவு அது. அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடி பார்த்த அந்த நிகழ்வைக் காவலூர்த் தொலைநோக்கியும் தரையிலிருந்து பதிவு செய்தது.

பாப்புவின் கனவு அதைவிடப் பெரியது. வெளிநாட்டில் வாங்காமல் நாமே செய்ய வேண்டும் என்றார். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அதைத் தாங்கும் இரும்பு உடலை வால்சந்த் நகர் தொழிற்சாலை செய்தது. பணி முடிவதற்குள், 1982 ஆகஸ்ட் 19-ல் ஜெர்மனியின் மூனிக் நகரில் பாப்பு காலமானார். வயது 55. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரையே சூட்டினார். அடுத்த முப்பது ஆண்டுகள், உத்தராகண்டில் தேவஸ்தல் தொலைநோக்கி வரும் வரை, நாட்டிலேயே பெரிய தொலைநோக்கி ஜவ்வாது மலையில்தான் இருந்தது.

பத்திரிகை வாசகர்களுக்குப் பிடித்த ஒரு தகவல்: சிறுகோள்களைத் தேடுவதற்காக இங்கே நடந்த திட்டத்தின் பெயர் ‘கல்கி’! அதில்தான் 1988-ல் ஆர்.ராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அப்போது நூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அதற்கு முந்தையது, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்தபடி நார்மன் போக்சன் கண்டது. புதிய சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள்.

யாருக்கு எந்த இருட்டு?

நட்சத்திரம் பார்ப்பவருக்கு இருட்டு பொக்கிஷம். ராத்திரி பதினோரு மணிக்குப் பிரசவ வலி கண்ட மகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கும் தாய்க்கு? காட்டுப்பன்றியும் கரடியும் உலவும் கொல்லைமேட்டு வழியில் நடப்பவருக்கு? ஜவ்வாது மலையின் பல குக்கிராமங்கள் சாலைக்கும் மின்சாரத்துக்கும் பல ஆண்டுகள் மனு கொடுத்துக் காத்திருந்தவை. ‘எங்களுக்கு இருட்டு வேண்டும், நீங்கள் விளக்கு போடாதீர்கள்’ என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இதே மலையில் உள்ள புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதியை நினைவிருக்கும். 2023 நவம்பரில், குழந்தை பிறந்த இரண்டே நாளில் சென்னை வரை போய் உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதினார். அடுத்த பிப்ரவரியில் முடிவு வந்தபோது அவருக்கு வயது 23. எல்லோரும் கொண்டாடினோம். பச்சை உடம்போடு மலையிலிருந்து சென்னை வரை போனால்தான் ஒரு பெண் பரீட்சை எழுத முடிகிறது என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் கொஞ்சம் மறந்தும்போனோம். சாலை, பஸ், விளக்கு, செல்போன் சிக்னல் எல்லாமே இந்த மலைக்கு இன்னும் வேண்டும்.

அப்படியானால் விளக்கா, நட்சத்திரமா? இரண்டும் முடியும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். தொலைநோக்கிக்கு எதிரி விளக்கல்ல, மேல்நோக்கி வீணாகும் வெளிச்சம். தெருவிளக்குக்குத் தொப்பி போல மூடி போட்டால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும். நடப்பவருக்கும் அங்கேதானே வேண்டும்? பளீர் வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளி அதிகம். அது காற்றில் சிதறி வானத்தையே சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடும். மஞ்சள் கலந்த விளக்கில் இந்தத் தொல்லை குறைவு. மலை மேல் இருப்பவர்களைவிட, அடிவாரத்து டவுன்களில் விடிய விடிய எரியும் விளம்பரப் பலகைகளும் கல்யாண மண்டப ஃபோகஸ் விளக்குகளும்தான் இதில் பெரிய குற்றவாளிகள்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவைப் பார்க்கலாம். ஜாவா தீவின் மலைப்பகுதியில் லெம்பாங் என்ற ஊரில் ஒரு தேயிலைத் தோட்ட அதிபரின் உதவியோடு 1923-ல் போஸ்கா வானாய்வகம் தொடங்கப்பட்டது. கீழே பாண்டுங் நகரம் வளர்ந்து வளர்ந்து அந்த வானத்தை வெளுக்கச் செய்துவிட்டது. இப்போது அந்த நாடு பெரிய தொலைநோக்கிக்காகத் தூரத்துத் தீமோர் தீவின் மலைக்குப் போயிருக்கிறது.

நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. லடாக்கில் ஹான்லே. காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி அங்கேயும் உண்டு. 2022-ல் அந்தப் பகுதியை ‘இருள்வானக் காப்பகம்’ என்று அறிவித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்கு வானியல் பயிற்சி கொடுத்துத் தொலைநோக்கிகளையும் தந்தார்கள். அதில் பெண்கள் அதிகம். இரவில் விருந்தினர்களுக்கு வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். தங்குவதற்கு வீட்டிலேயே அறை. இருட்டால் காசு வருகிறது என்றதும் இருட்டைக் காப்பதில் ஊருக்கே அக்கறை வந்துவிட்டது.

இதை ஜவ்வாது மலையில் செய்ய என்ன தடை? ஆண்டுதோறும் ஜமுனாமரத்தூரில் அரசு கோடை விழா நடத்துகிறது. பீமன் மடவு அருவி, கோமுட்டேரி படகு என்று கூட்டம் வந்து போகிறது. அந்தக் கூட்டம் இரவில் தங்கி, மலையாளி வீட்டுத் திண்ணையில் சாமைச் சோறு சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெண் காட்டும் திரிசங்குவைப் பார்த்துவிட்டுப் போகலாமே. செம்மர வேலைக்குக் கூப்பிடும் தரகரைவிட நட்சத்திரம் நல்ல கூலி தரும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகாதீர்கள். அண்ணாமலையில் தீபம் எரியும் நாட்களில் இங்கே பெரும்பாலும் மேகம்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில் அனுமதி தருவது வழக்கம். கிளம்பும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களுக்கு வானம் காட்டுவது சிறிய தொலைநோக்கியில்தான். பெரியதற்கு இரவெல்லாம் ஆராய்ச்சி வேலை இருக்கிறது. வழியில் சாமை, புளி, தேன் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வளாகத்துக்குள் நுழைந்ததும் செல்போன் டார்ச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் பால்வெளி தெரிய ஆரம்பிக்கும்.