20,200 கிலோமீட்டர் தாண்டி வந்த சேதி, கடைசி அரை மீட்டரில் தொலைந்துபோகும்… தெரியுமா?

உங்கள் பைக் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கு வழி சொல்லும் செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது தெரியுமா? 20,200 கிலோமீட்டர்! அங்கிருந்து கிளம்பும் சிக்னல் உங்களை வந்தடைய எவ்வளவு நேரம்? ஒரு நொடியைப் பதினைந்து பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! வந்து சேரும்போது அதன் வலு? ஒரு வாட்டை நூறு கோடி கோடி பங்காகப் பிரியுங்கள். அதில் ஒன்றிரண்டு பங்குதான்!

இவ்வளவு மெலிந்த சிக்னலைப் பிடித்து, கணக்குப் போட்டு, 'அடுத்த இடதுபுறம் திரும்பு' என்று அம்புக்குறி காட்டுகிறது கருவி. நீங்கள் குனிந்து பார்க்கிறீர்கள். திரையில் என்ன தெரிகிறது? உங்கள் ஹெல்மெட்! அதற்குப் பின்னால் பளபளவென்று வானம்! அம்புக்குறியைக் காணோம்! விண்வெளியிலிருந்து பத்திரமாக வந்த சேதி, திரைக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் அரை மீட்டரில் காணாமல் போய்விட்டது!

இன்னொன்று கேளுங்கள். அந்தச் செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம், பூமியில் உள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் செய்யும் வேலை! இதைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் கணக்கு பிசகிவிடும்! அதைக்கூட விஞ்ஞானிகள் சரிசெய்துவிட்டார்கள். வெயில் கூசுவதைத்தான் நம் தலையில் விட்டுவிட்டார்கள்!

சரி, நடுப்பகல் வெயிலின் வெளிச்சம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுமார் 1,00,000 லக்ஸ்! நல்ல வெளிச்சமுள்ள அலுவலக அறையில் 500 லக்ஸ்தான் இருக்கும். 200 மடங்கு வித்தியாசம்! பௌர்ணமி நிலவுக்கோ கால் லக்ஸ்கூடத் தேறுவது கடினம்!

திரையின் வெளிச்சத்தை 'நிட்' என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண போன் திரை 500 நிட் தரும். 2022-இல் வந்த ஐபோன் 14 ப்ரோ, வெயிலில் 2,000 நிட் வரை எகிறும் என்றார்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசை 2,600 நிட்டைத் தொட்டது! ஆனால் சூரியனின் முகம் எத்தனை நிட் தெரியுமா? சுமார் 160 கோடி! யார் யாரோடு மோதுவது?

சாதாரணக் கண்ணாடியின் மேல் நேராக வெளிச்சம் விழுந்தால், அதில் 4 சதவீதம் திரும்பி வரும். 'நாலே நாலு சதவீதம்தானே!' என்கிறீர்களா? 160 கோடியில் 4 சதவீதம் 6 கோடியே 40 லட்சம் நிட்! சூரியனின் பிம்பம் நேராகக் கண்ணில் விழும் அந்த ஒரு கணத்தில், எந்தத் திரையாலும் ஈடுகொடுக்க முடியாது!

அதோடு போயிற்றா? திரைக்கு மேல் பாதுகாப்புக்கு ஒரு கண்ணாடி. நடுவே மெல்லிய காற்று இடைவெளி. கண்ணாடியின் மேல்பக்கம் 4, கீழ்ப்பக்கம் 4, அடியில் இருக்கும் திரையின் முகப்பில் இன்னொரு 4! கூட்டிப் பாருங்கள், 12 சதவீதத்தை நெருங்குகிறது! மழைக்காக பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த உறைக்குள் போனைச் செருகி ஓட்டுகிறீர்களா? இன்னும் இரண்டு பரப்புகளைச் சேர்த்துவிட்டீர்கள்! காற்றே புகாதபடி, தெளிவான பசையால் கண்ணாடியைத் திரையோடு ஒட்டிவிடும் முறை ஒன்று உண்டு. ஒட்டினால் நடுவில் இருக்கும் இரண்டு எதிரொளிப்புகளும் ஏறக்குறைய மறைந்துவிடும்!

இப்போது ஒரு கணக்கு. இதுதான் இந்த விஷயத்தில் என்னை வாயடைக்க வைத்த கணக்கு!

திரை 500 நிட். அதன் கறுப்பு அரை நிட். இருட்டு அறையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் 1,000 மடங்கு! இதே திரையை வெளியே எடுத்து வாருங்கள். வானத்தின் பிரகாசம் 5,000 நிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 சதவீதம் திரையில் எதிரொளித்தால் 400 நிட். கறுப்பின் மேலும் 400, வெள்ளையின் மேலும் 400! 1,000 மடங்கு வித்தியாசம் எவ்வளவாகச் சுருங்கியது தெரியுமா? இரண்டே கால் மடங்கு! அவ்வளவுதான்!

'கூடுதல் பிரைட்னஸ் உள்ள கருவி வாங்கிவிட்டால் போச்சு' என்று தோன்றுகிறதா? திரையை இரு மடங்காக்கி 1,000 நிட் வையுங்கள். வித்தியாசம் மூன்றரை மடங்குதான் ஆகும். மாறாக, பழைய 500 நிட் திரையையே வைத்துக்கொண்டு, எதிரொளிப்பை 8-லிருந்து 2 சதவீதமாகக் குறையுங்கள். ஆறு மடங்கு! காசு கொட்டி வெளிச்சம் வாங்குவதைவிட, கண்ணாடியின் பளபளப்பைக் குறைப்பதில்தான் லாபம் அதிகம்!

பளபளப்பைக் குறைக்கும் வித்தையை முதலில் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? பழசாகி மங்கிப்போன கண்ணாடி! 1886-இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபு ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வெகுநாள் கிடந்து மேற்பரப்பு மாறிப்போன கண்ணாடி, புத்தம்புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது! சில ஆண்டுகளில், லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லரும் இதையே கண்டார். கறை படிந்த பழைய லென்ஸ், புதியதைவிட மேல்! லென்ஸை வேண்டுமென்றே மங்கவைக்க 1904-இல் காப்புரிமையே வாங்கிவிட்டார்!

1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, லென்ஸின் மேல் மெல்லிய படலம் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். உடனே அது என்ன ஆனது? ராணுவ ரகசியம்! இன்று உங்கள் மூக்குக் கண்ணாடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னும் பூச்சு, ஒரு காலத்தில் பூட்டி வைக்கப்பட்ட ரகசியம்!

அமெரிக்காவில் கேத்தரின் பிளாட்ஜெட் செய்ததோ இன்னும் அதிசயம். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவர்தான்! 1938-இல் ஒரு மூலக்கூறு தடிமனே உள்ள சோப்புப் படலங்களை, கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக 44 அடுக்கு ஏற்றினார். மொத்தத் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு! விளைவு? 99 சதவீத வெளிச்சம் ஊடுருவிப் போயிற்று! கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை! ஒரே ஒரு குறை: துணியால் துடைத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும்!

இந்த வித்தை விட்டில் பூச்சிக்கு முன்பே தெரியும், தெரியுமா? அதன் கண்ணின் மேல் சுமார் 200 நானோமீட்டர் இடைவெளியில் நுண்ணிய குமிழ்கள். ஒரு தலைமுடியின் அகலத்தில் முந்நூறு, நானூறு குமிழ்கள் அடங்கும்! வெளிச்சம் பட்டால் ஏறக்குறைய திரும்பவே திரும்பாது! 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைவிட எதிரொளிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்றது அதைத் தயாரித்த கார்னிங். அது எட்டியிருக்கும் தூரத்தை, பூச்சி எப்போதோ கடந்துவிட்டது!

பளபளப்பைக் குறைக்க, கடையில் போய் வெறுமனே 'திரைக்கு ஸ்டிக்கர்' என்று கேட்காதீர்கள்! அதில் இரண்டு ஜாதி உண்டு. மேட் ஸ்டிக்கர், எதிரொளிப்பைக் குறைக்காது, சிதறடிக்கும். வானத்தின் பிம்பம் போய்விடும். ஆனால் திரை முழுக்க ஒரு பால் நிறம் படரும், எழுத்தின் விளிம்பு மழுங்கும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதோ, திரும்பும் வெளிச்சத்தையே குறைக்கும். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்! அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் மட்டும் வேண்டாம், பூச்சை அரித்துவிடும்!

கூலிங் கிளாஸ் போட்டால் கூச்சம் குறையும்தானே? கறுப்புக் கண்ணாடி, திரையின் வெளிச்சத்தையும் எதிரொளிப்பையும் ஒரே அளவில் குறைக்கும். வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்! ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைஸ்டு கண்ணாடி என்றால் இன்னும் வேடிக்கை. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் சில எல்.சி.டி. திரைகள் முழுக்கக் கறுத்துவிடும்!

அந்தப் போலரைஸ்டு வித்தை எங்கே பிறந்தது தெரியுமா? 1808-இல் பாரிஸில் இயற்பியலாளர் எட்டியன் லூயி மாலூஸ், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை ஒரு படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, அந்தப் பளபளப்பு கூடிக் குறைந்தது! 36 வயதிலேயே இறந்துபோன அவரது பெயர் இன்றும் ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது! அடுத்த கதை அதைவிட ஆச்சரியம். 1852-இல் பிரிஸ்டல் மருத்துவர் ஹெரபாத்தின் மாணவர், குயினைன் கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுநீரில் அயோடினை விட்டார். ஒளியை அதேபோல் வடிகட்டும் பச்சைப் படிகங்கள் உருவாயின! அதே வகைப் படிகங்களைப் பொடியாக்கிப் படலத்தில் பதித்து, 1929-இல் காப்புரிமைக்கு மனு போட்டார் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லேண்ட். அப்போது வயது? 19!

எல்.சி.டி.யின் பிறப்பு கேரட்டில்! 1888-இல் பிராக் நகரத் தாவரவியலாளர் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை ஆராயும்போது, இரண்டு முறை உருகும் விசித்திரப் பொருளைக் கண்டார். 145.5 டிகிரியில் ஒரு முறை, 178.5 டிகிரியில் மறுமுறை! அதுதான் எல்.சி.டி.க்குப் பெயர் தந்த திரவப் படிகம்!

வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும் திரையும் உண்டு! கார்மினின் பழைய 60சிஎஸ்எக்ஸ் கருவியில் இருந்தது அந்த ரகம். விழும் வெயிலையே திருப்பி அனுப்பிப் படம் காட்டும்! போனுக்கோ நேர் எதிர் குணம். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற உச்ச வெப்பநிலை 35 டிகிரி. போன் அளவுக்கு மேல் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளப் பிரைட்னஸைத் தானே குறைத்துக்கொள்ளும்! எப்போது வெளிச்சம் அதிகம் வேண்டுமோ, அப்போது!

டிராபிக் சிக்னல் விளக்குக்கு மேல் ஏன் ஒரு தொப்பி இருக்கிறது? வெயில் விழுந்து, எரியாத விளக்கு எரிவதுபோல் தெரியாமலிருக்கத்தான்! உங்கள் கருவிக்கும் அதே தொப்பி போதும். நிமிர்ந்து நிற்கும் 7 சென்டிமீட்டர் உயரத் திரை. சூரியன் 60 டிகிரி உயரத்தில். எவ்வளவு நீளத் தொப்பி வேண்டும்? வெறும் 4 சென்டிமீட்டர்! 45 டிகிரிக்கு இறங்கினால் 7. கறுப்பு ஃபோம் ஷீட்டும் வெல்க்ரோவும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். உள்பக்கம் மினுமினுக்காத கறுப்பாக இருக்கட்டும்! 2019-இல் பி.எம்.டபிள்யூ. ஒரு எக்ஸ்6 காருக்கே, ஒரு சதவீத வெளிச்சத்தை மட்டும் திருப்பும் கறுப்பைப் பூசிக் காட்டியது!

ஓட்டும்போது போனைப் பார்க்கச் சட்டம் விடுமா? 2020 அக்டோபர் 1 முதல், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த இந்திய மோட்டார் வாகன விதி அனுமதிக்கிறது. 2023-இல் நம்ம சென்னையின் ராயல் என்ஃபீல்டு, ஹிமாலயன் 450-இன் 4 அங்குல வட்டத் திரையிலேயே கூகுள் மேப்பைக் கொண்டுவந்துவிட்டது!

விடிகாலையில் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பினால் சூரியன் முதுகுப்பக்கம். 'கண்ணுக்குத் தொந்தரவு இல்லை' என்று மகிழ்வோம். ஆனால் திரை பார்ப்பது உங்கள் பக்கம்தானே! சூரியன் நேர் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் திரையைக் காப்பாற்றும். சாலை லேசாக வளைந்து, தோளுக்கு மேலாக வெயில் எட்டிப் பார்த்ததோ, தொலைந்தது! பகலில் டார்க் மோடை அணைத்து வையுங்கள், கறுப்புப் பின்னணிதான் வெயிலில் நல்ல கண்ணாடி!

கடைசியாக, காசே செலவில்லாத அதிசயம்! திரையை 10 டிகிரி சாய்த்தால், அதில் தெரியும் பிம்பம் எத்தனை டிகிரி நகரும்? 20! அப்படியே இரட்டிப்பு! சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்வதாகத் தெரிகிறது. ஒரு மணி நேரத்து வெயிலை ஏமாற்ற, ஏழரை டிகிரி போதும்!

80 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி திரையை உற்றுப் பார்த்தால் 44 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள்! அதனால் இந்த வேலையை வண்டி நிற்கும்போதே முடியுங்கள். வெயிலில் சீட்டில் உட்காருங்கள். திரையை அணையுங்கள். அது இப்போது வெறும் கண்ணாடி. வானம் தெரிகிறதா? மவுண்டின் திருகைத் தளர்த்தி, திரையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். வானம் நழுவும், ஹெல்மெட் வரும், இன்னும் கொஞ்சம், உங்கள் ஜாக்கெட் வரும். அங்கே நிறுத்தித் திருகை இறுக்குங்கள். ஜாக்கெட் மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டாம்!