கம்பு வெட்டும் உரிமை

பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரம் ஒரு மரத்தால் பெயர் பெற்றது என்பர். ஏறத்தாழ அறுபது மீட்டர்வரை வளரும் ஜெலுத்தோங் மரத்தின் பால், ஒரு காலத்தில் சுயிங்கம் செய்யப் பயன்பட்டது. இன்று அவ்வட்டாரம் நெருக்கமான நகர்ப்பகுதி. ஆயினும் கட்டடத்திற்கு முட்டுக் கொடுக்கவும், பந்தல் போடவும், கடலில் மீன்வேலி நடவும் மரக்கம்பு தேவைப்படும்பொழுது நாம் காட்டையே நாடவேண்டியுள்ளது. அக்காட்டில் கம்பு வெட்டும் உரிமை யாருக்குரியது என்பதே ஈண்டு நாம் காண முற்படுவது.

மலேசிய அரசமைப்பின்படி தீபகற்பக் காடுகள் அந்தந்த மாநிலத்தின் ஆளுகைக்குட்பட்டவை. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நிலையான ஒதுக்குக் காட்டிலோ அரசு நிலத்திலோ உரிமமின்றி எவ்வித வனப்பொருளையும் எடுப்பதைத் தடுக்கிறது. பெருமரத்திற்கும் சிறுகம்பிற்கும் இவ்விதி பொது. உரிமம் பெற்று வெட்டியதைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுசெல்லத் தனியே ஒரு கடவுச்சீட்டும் வேண்டும். 1993ஆம் ஆண்டுத் திருத்தம், தண்டத்தின் உச்ச அளவைப் 10,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாகவும், சிறையை மூன்றாண்டிலிருந்து இருபதாண்டாகவும் உயர்த்தியது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் கடுமையாக்கியது. வெட்டுமரக் கொள்ளையரைக் கருதி வகுக்கப்பெற்ற தண்டனை இது என்பதில் ஐயமில்லை. பத்துக் கம்பு வெட்டும் ஏழை மீனவரும் அதே பிரிவின்கீழ்தான் வருகிறார் என்பது நமக்கு நெருடலாகவே உள்ளது. பூர்வகுடியினர் குடிசை, மீன்வேலி, படித்துறை ஆகியவற்றுக்கு எடுக்கும் பொருள்களுக்கு உரிமைக் கட்டண விலக்களிக்கச் சட்டம் இடந்தருகிறது. விலக்கு கட்டணத்திற்கே என்பதை இங்குக் குறித்தல் தகும்.

இவ்வனுமதி முறை இந்தியாவோடு தொடர்புடையது. சென்னை மாகாண வனச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே கேன்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். பினாங்கும் அதில் அடங்கும். பின்னர் 1900இல் இந்திய வனப்பணியைச் சேர்ந்த ஹில் இங்கு வந்து ஆய்ந்து எழுதினார். 1901இல் பர்மாவிலிருந்து வந்த பர்ன் முர்டோக் வனத்துறைத் தலைமை ஏற்றார். தமிழகத்து மலையடிவார உழவரும் மலாயாக் கடற்கரை மீனவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வகை விதிக்குள் வந்தனர் எனலாம்.

கம்பிற்கென்றே நுணுக்கமாக வகுக்கப்பெற்ற விதியைக் காண, பினாங்கிற்குத் தெற்கே பேரா மாநிலத்தின் மாத்தாங் சதுப்புநிலக் காட்டிற்குச் செல்லவேண்டும். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடைய இக்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டது. இங்குள்ள பாக்காவ் மரங்களுக்கு முப்பதாண்டுச் சுழற்சி. பதினைந்தாம் ஆண்டில், ஒதுக்கப்பட்ட பகுதியில் நல்ல மரமொன்றைத் தெரிந்துகொண்டு, நான்கடிக் கோலை அதனைச் சுற்றிச் சுழற்றுவர். கோலுக்குள் அகப்படும் மரங்கள் வெட்டப்படும்; நடுவிலுள்ளது நிற்கும். இருபதாம் ஆண்டில் கோல் ஆறடியாகிறது. இவ்வாறு கலைத்து எடுக்கப்படுபவையே சந்தைக்கு வரும் கம்புகள். எஞ்சியவை நெருக்கம் நீங்கிப் பருக்கின்றன. எழுத்தறியாத தொழிலாளியும் கையாளக்கூடிய விதி இது. சட்டநூலின் பல பிரிவுகளைவிட இக்கோலே காட்டைக் காத்துள்ளது என்பது நம் கருத்து.

முப்பதாம் ஆண்டில் மரங்களைக் கரிச்சூளைக்கு வெட்டுவர். ஆற்றங்கரை ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவைப்பர். இயற்கையாக முளைக்காத இடங்களில் கன்று நடுவர். அவ்விடத்திலிருந்து அடுத்த கம்பு கிடைக்க மேலும் பதினைந்தாண்டு ஆகும்.