சிஸ்டர் சொன்னா கேட்டுக்குங்க!

பீச்சிலிருந்து தாம்பரம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினம் தொங்குகிறவர்களுக்கு அந்த ஸ்டேஷன் அத்துப்படி. குரோம்பேட்டை தாண்டினதும் 'சானடோரியம்'. தாம்பரத்தில் இறங்கவேண்டியவர்கள் லக்கேஜைத் தேட ஆரம்பிக்கிற இடம். பேர் எப்படி வந்தது என்று யாராவது யோசித்திருக்கிறோமா? ஊஹூம்!

பேருக்குக் காரணம் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் காசநோய் சானடோரியம் நடத்திய நம் ஊர்க்காரர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் கொஞ்ச நாள் அங்கே தங்கி சிகிச்சை பெற்றிருக்கிறார். பிறகு சௌரி முத்து இந்தியா திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். 1937-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்தில் டி.பி.க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். இதை மாதக்கணக்கில் விடாமல் செய்ய வைத்தது யார்? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். இருபத்துநாலு மணி நேரமும் கூட இருந்தது நர்ஸ்தான்.

அப்புறம் மருந்துகள் வந்தன. கூடவே ஒரு பிரச்னையும் வந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ விரல் விட்டு எண்ணுகிற மாதிரி. எல்லோரையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தே ஆகணுமா?

இதற்குப் பதில் கண்டுபிடித்து உலகத்துக்கே சொன்னது நம்ம மெட்ராஸ். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஆரம்பமானது. 193 நோயாளிகளை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. இன்னொரு கோஷ்டி தங்கள் நெரிசலான வீடுகளிலேயே. அங்கே சாப்பாடும் சுமார்தான். இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் மாத்திரை. 1959-ல் ரிசல்ட் வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள்! சிகிச்சை ஆரம்பித்த பிறகு அவர்கள் வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவியதாகவும் தெரியவில்லை.

'அப்ப மாத்திரைதான் எல்லாம், நர்ஸ் எதுக்கு?' என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த மையத்திலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். முன்னறிவிப்பில்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து நிஜமாகவே உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அடியேன் பி.காம். பார்ட்டி. எங்கள் பாஷையில் இதற்கு 'சர்ப்ரைஸ் ஸ்டாக் வெரிஃபிகேஷன்'! கணக்கில் 20 மாத்திரை இருக்கவேண்டிய இடத்தில் 32 இருந்தால், 12 மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை என்று அர்த்தம். ஆடிட்டர் கோபப்படுவார். இவர்கள் உட்கார்ந்து, ஏன் போடவில்லை என்று விசாரித்து, எடுத்துச் சொன்னார்கள்.

ஏனென்றால் டி.பி.யில் ஆபத்தான கட்டம் இரண்டாவது மாசம். இருமல் நின்றுவிடும். ஜுரம் போய்விடும். பசி எடுக்கும், பேன்ட் டைட்டாகும். 'அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு சார்?' என்று டப்பாவைத் தூக்கி பரணில் போட்டுவிடுவான் நம்ம ஆள். கிருமி அப்போது முழுசாகச் சாகவில்லை, சும்மா பதுங்கியிருக்கிறது. பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். சில சமயம் பழைய மருந்துக்கு மசியாத கிருமியாக வரும். அப்புறம் வேறு மருந்து, கூடுதல் அவஸ்தை. அதே கிருமி பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் தொற்றலாம்.

இன்னொரு வில்லன், பயம். ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மருந்தின் சாயம், அவ்வளவுதான். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் 'ஐயோ, ரத்தம்!' என்று அலறி மருந்தை நிறுத்திவிடுவார். முதல் நாளே சிஸ்டர், 'கலர் மாறும், பயப்படாதீங்க' என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் ஆறு மாச சிகிச்சை தப்பிக்கிறது.

சிஸ்டர் சொல்கிற மற்ற சமாச்சாரங்களும் இப்படித்தான். இருமும்போது வாயைத் துணியால் மூடுங்க. ஜன்னலைத் திறந்து வையுங்க. தட்டு, டம்ளரில் டி.பி. பரவாது, தனித் தட்டு வைத்து மனுஷனை ஒதுக்காதீங்க. கண் மஞ்சளானால், ஓயாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே வந்து காட்டுங்க. பாதம் எரிந்தால் சொல்லுங்க, அதற்கு வைட்டமின் இருக்கிறது. நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க. இதெல்லாம் மருந்துச் சீட்டில் இருக்காது. காதில் விழுந்தால்தான் உண்டு. நாமோ, 'அடுத்த ட்ரெயினைப் பிடிக்கணும் சிஸ்டர்' என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்போம்!

சாதாரண டி.பி.க்கு இப்போது ஆறு மாசம், தினமும் மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாசம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். முட்டை, பருப்பு, கடலைக்கு ஆகும். சிகரெட் பாக்கெட்டுக்கு அல்ல.

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார், சாயங்காலம் ஜுரம், எடை குறைகிறது என்றால் நாற்காலியை நகர்த்திக்கொள்ளாதீர்கள். சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். டி.பி. என்று தெரிந்தால் ஆபீஸ் முழுக்கத் தண்டோரா போடவேண்டாம். சிகிச்சை ஒழுங்காக ஆரம்பித்த சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். டாக்டர் சொன்ன பிறகு அவர் வேலைக்கு வரட்டும்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். மூன்றாவது மாசம், அவர் கன்னம் உப்பி, ஜோக்கடித்துக்கொண்டு கான்டீனுக்கு வருவார் பாருங்கள், அப்போது காபி வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேளுங்கள்:

"இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?"