பெயர் காற்றுக்குத்தான், மழைக்கு இல்லை

2024 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. எல்லோரும் ஃபெஞ்சல் புயல் மழை என்றார்கள். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி அந்த இரவில் அது புயலே இல்லை.

பெயரைத் தீர்மானிப்பது காற்று. வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் தாழ்வு மண்டலம் புயலாகிறது. டெல்லியில் உள்ள மையம் அதற்குப் பெயர் சூட்டுகிறது. நவம்பர் 29 அன்று ஃபெஞ்சல் அந்த நிலையை எட்டியது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 அன்று வலுவிழந்து, மெதுவாக மேற்கே வந்தது. காற்று அடங்கினாலும் கடலின் ஈரம் மேகத்தில் குறையவில்லை. 'வலுவிழந்தது' என்ற செய்தியைக் கேட்டு உள் மாவட்டத்துக்காரர்கள் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

பெயர்கள் முன்பே தயாராக இருக்கின்றன. 2020-இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் ஆளுக்குப் 13 வீதம் தந்த 169 பெயர்கள் உண்டு. ஃபெஞ்சல் சவூதி அரேபியா கொடுத்தது. இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு', 'நீர்' இரண்டும் இருக்கின்றன. ஒருமுறை வைத்த பெயர் இங்கே திரும்ப வராது. 2013-இல் இலங்கை தந்த 'மகாசென்' மட்டும், மன்னர் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று எதிர்ப்பு எழுந்ததால், பாதியிலேயே 'வியாரு' ஆனது.

ஜப்பானில் பெயரைவிட எண்ணுக்கே புழக்கம் அதிகம். ஜனவரி முதல் உருவாகும் டைஃபூன்களை வரிசையாக எண்ணுகிறார்கள். ஆவணத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் முன்னால் சேரும்: 2019-இன் 19-ஆவது டைஃபூன் 1919. நம் துறைமுகங்களில் ஏற்றும் '3-ஆம் எண் புயல் கூண்டு' வேறு. அந்த எண் ஆபத்தின் அளவைச் சொல்வது, புயலின் வரிசையை அல்ல.

அந்த 1919-க்கு உலகம் அறிந்த பெயர் ஹகிபிஸ். அதிலும் பேரழிவைத் தந்தது மழைதான். அக்டோபர் 12 அன்று மலையூரான ஹகோனேயில் ஒரே நாளில் 92 செ.மீ.க்கு மேல் பெய்தது. பாதிப்பு மிகப் பெரிது என்பதால், 2020 பிப்ரவரியில் ஜப்பான் வானிலைத் துறை அதற்குத் தனியாக 'கிழக்கு ஜப்பான் டைஃபூன்' என்று இன்னொரு பெயரும் வைத்தது.